பத்து ராத்தல் உருளைக்கிழங்குத் தோல்

அத்தியாயம் 14

"அப்பா அவராக் கூப்பிட்டா வர்றேன். நீ கூப்பிட்டா வரமாட்டேன்" என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு ரெனே ஃபோனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நான்கு நாளாக க்ளாடெட் அந்த ஒரு பேச்சையே மென்றுகொண்டிருந்தாள்.

அவர் எங்கே கூப்பிடப் போகிறார்? ஃபெர்னான் போல்டக் மூன்று வருடமாக மகள் பெயரைக்கூட வாயால் சொன்னதில்லை. செருப்புத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் பசை நாற்றத்தில் நின்று நர்ஸ் படிப்புக்கு அனுப்பிய மனிதர் அவர். மகளோ படிப்பைப் பாதியில் உதறிவிட்டு பிளம்பராகப் போனாள். "ஊரான் வீட்டுச் சாக்கடையில கை விடத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?" என்று அவர் கேட்டார். "சாக்கடையே இல்லாத வீட்டுல இருந்துகிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்க" என்று அவள் பதில் சொன்னாள். இரண்டு பெட்டிகளோடு போர்ட்லண்டுக்குப் போனவள் பெற்றவர்கள் இருக்கும் லூயிஸ்டன் பக்கம் திரும்பவில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு ஃபோனில் பேசுவதோடு சரி.

நாற்பது நிமிடக் கார்ப் பயணம். அவ்வளவுதான் தூரம். வீம்பு பிடித்த இரண்டு பேருக்கு நடுவில் அது கடலாகிக் கிடந்தது.

இன்று நன்றித் திருநாள், குடும்பமெல்லாம் கூடி வான்கோழி சாப்பிடும் நாள். காலை ஒன்பது மணிக்கு க்ளாடெட் பத்து ராத்தல் உருளைக்கிழங்கை உரித்து முடித்தாள். போல்டக் வீட்டு வான்கோழிக்குள் ரொட்டித்தூள் போகாது. பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் கிராம்பும் பட்டையும் சேர்த்துப் பிசைந்த பூரணம்தான் போகும். ரெனேவுக்கு அது உயிர். பச்சையாக இருக்கும்போதே திருடித் தின்று அடி வாங்கியவள் அவள்.

மேஜையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் தோல் மலையாகக் கிடந்தது. வழக்கமாக அதை அப்படியே சுருட்டிக் குப்பையில் போடுவாள். சிங்க்குக்கு அடியில், சமையல் கழிவை அரைத்துக் குழாயில் தள்ளும் அரவை மிஷின் இருந்தாலும் அதற்குள் ஒரு வெங்காயச் சருகைக்கூட க்ளாடெட் விட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பேச்சு அப்பா பக்கம் திரும்புவதற்கு முன், ரெனே சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "இந்த வாரம் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காதும்மா. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் உருளைக்கிழங்குத் தோலைக் கொண்டு போய் மிஷின்ல கொட்டுவாங்க. அது அரைஞ்சு கஞ்சியாகி, குழாய்ல சிமென்ட் மாதிரி உக்காந்துக்கும். அப்புறம் எல்லாரும் எங்களைத்தான் கூப்பிடணும்."

எல்லாரும் கூப்பிடலாம், பெற்றவள் மட்டும் கூப்பிடக் கூடாதா?

க்ளாடெட் ஜன்னலைப் பார்த்தாள். ஃபெர்னான் வெளியே இலை கூட்டிக்கொண்டிருந்தார். அவள் தோலை இரு கையாலும் அள்ளினாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு வயதில் திருட்டுத்தனம் பண்ணினால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? குழாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். ஸ்விட்சைப் போட்டாள். அள்ளி அள்ளித் திணித்தாள்.

மிஷின் முதலில் சந்தோஷமாகத் தின்றது. பிறகு முனகியது. கடைசிப் பிடி போனபோது களக் களக் என்று ஒரு சத்தம் வந்து, பழுப்புத் தண்ணீர் மெல்ல மேலே ஏறியது.

"ஃபெர்னான்!" என்று அவள் கத்தினாள். குரலில் பதற்றத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்துக்கொண்டாள்.

ஃபெர்னான் ரப்பர் பம்ப்பைக் கொண்டு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பத்து நிமிடம் சிங்க்கோடு மல்லுக்கட்டினார். தண்ணீர் அவர் முகத்தில் தெறித்ததுதான் மிச்சம்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அக்கா ஆர்மாந் வந்தாள். எந்த வீட்டில் எது நின்றாலும் அவள் கையில் ஒரு வைத்தியம் இருக்கும். இன்று சமையல் சோடா டப்பாவும் வினிகர் பாட்டிலும் இருந்தன.

"தள்ளுடா. உன் வயசுக்கு இதெல்லாம் குத்துச்சண்டையா? சோடாவைப் போடு, வினிகரை ஊத்து, வேடிக்கை பாரு."

நுரை பொங்கியது. மூவரும் வேடிக்கை பார்த்தார்கள். நுரை அடங்கியது. தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நல்லா வேடிக்கை காட்டினே" என்றார் ஃபெர்னான்.

"சிங்க்குக்கும் உன்னை மாதிரியே பிடிவாதம். நான் என்ன பண்ணட்டும்?"

க்ளாடெட் கையைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் சமயம். "ஒரு பிளம்பரைத்தான் கூப்பிடணும்."

"நன்றித் திருநாள் அன்னிக்கு எவன் வருவான்?"

"எவனும் வரமாட்டான். ஒருத்தி வருவா. நீ கூப்பிட்டா."

ஆர்மாந் தன் டப்பாவை மூடுவதில் மிகுந்த அக்கறை காட்டினாள்.

"நானே பாத்துக்கறேன்" என்றார் ஃபெர்னான்.

"எதை வச்சு பாத்துப்பே?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

அதற்கு மேல் அவரிடம் பேசுவதும் ஒன்று, சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று. காய் கழுவக்கூட வழியில்லாததால் க்ளாடெட் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஆர்மாந் வீட்டுக்குப் போனாள். கேரட்டைக் கழுவிக்கொண்டே அழுதாள். தோலைப் போட்ட கதையை மட்டும் சொல்லவில்லை. ஆர்மாந் வாயில் போட்டால் ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

"நீயே கூப்பிடேன்" என்று ஆர்மாந் ஃபோனை நீட்டினாள். "அவனுக்குப் பொண்ணு வேண்டாம்னாலும் பிளம்பர் வேண்டாம்னு சொல்ல முடியாதில்ல?"

இரண்டாவது மணியிலேயே ரெனே எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை. தொழில்காரக் குரல்.

"அதுல யாராவது ஏதாவது ஊத்தினீங்களா? அடைப்பெடுக்கிற மருந்து, பிளீச், அந்த மாதிரி?"

"அத்தை சோடாவும் வினிகரும் போட்டா. வேற ஒண்ணுமில்ல."

"அது பரவாயில்ல. கெடுதலும் பண்ணாது, நல்லதும் பண்ணாது. நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. மருந்து எதுவும் ஊத்தலியே? அது உடம்பைப் பொசுக்கற மருந்து. அடைச்ச குழாய்ல கீழே போகாது, அங்கேயே நிக்கும். குழாயைக் கழட்டறவங்க மூஞ்சிலதான் கொட்டும்."

"சத்தியமா இல்லடி."

"சரி. நான் வர்றேன். பிளம்பரா வர்றேன், புரியுதா? வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவேன். உக்காரு, சாப்பிடுன்னு ஆரம்பிக்காதே."

"ஆரம்பிக்க மாட்டேன்" என்றாள் க்ளாடெட். அப்போதே மனதுக்குள் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஃபெர்னான் முன்னறையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிங்க்கில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"என்னமோ பாத்துக்கறேன்னு சொன்னியே?"

"அது போகல" என்றார் திரையைப் பார்த்தபடி.

"ரெனே வர்றா. நான்தான் கூப்பிட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. கோபம் என்று க்ளாடெட் நினைத்தாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். அவரோ, "அவங்கல்லாம் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை எல்லாம் போட்டுக்கிட்டுத்தானே வேலை பாப்பாங்க?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் மகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று எண்ணிய க்ளாடெட், "போட்டுப்பாங்க, போட்டுப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

பன்னிரண்டரைக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. ரெனே இறங்கினாள். முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தாள். தோள் அகன்றிருந்தது. ஃபோனில் கேட்ட குரலுக்கு க்ளாடெட் இத்தனை நாளும் பழைய முகத்தையே மாட்டி வைத்திருந்தாள். இந்த முகம் அவளுக்குத் தெரியாமல் வளர்ந்த முகம். அதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் ஆசை அடங்காது.

வாசலில் அணைத்துக்கொண்டபோது மகளிடம் இரும்பு வாசனை அடித்தது. ரெனே ஒரு நொடி இறுக்கிப் பிடித்தாள். பிறகு விலகி, பையிலிருந்து இரண்டு நீல உறைகளை எடுத்து பூட்ஸின் மேல் மாட்டிக்கொண்டாள்.

"அது எதுக்குடி?"

"எல்லா வீட்டுலயும் போடறதுதாம்மா. தரை அழுக்காகக் கூடாதில்ல."

பிறந்து தவழ்ந்த தரை.

முன்னறையைத் தாண்டும்போது ரெனேயின் நடை கொஞ்சம் தயங்கியது. ஃபெர்னான் திரும்பவில்லை. அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அலமாரிக் கதவைத் திறந்து, துணி விரித்து, மல்லாந்து படுத்தாள். வளைந்து போகும் குழாய் அவள் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. கையுறை மட்டும் போட்டிருந்தாள். வெறும் சமையல் கழிவுதானே. "பெரிய வாளி ஒண்ணு வேணும். பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது."

"இதோ" என்று க்ளாடெட் கார் நிறுத்தும் கொட்டகைக்கு ஓடினாள்.

வாளி அலமாரிக்கு அடியில் இருந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது மேல் தட்டு கண்ணில் பட்டது. பெயிண்ட் டப்பாவுக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவில், காலங்காலமாக அடைப்பெடுக்கும் மருந்துள்ள ஒரு சிவப்பு மூடி பாட்டில் நிற்குமே, அந்த இடம் காலியாக இருந்தது. தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும். குப்பைத் தொட்டிக்குள் பாட்டில் தலைகீழாகக் கிடந்தது. மூடி இல்லை. ஒரு சொட்டும் இல்லை.

'மூஞ்சிலதான் கொட்டும்.'

க்ளாடெட் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கத்த நினைத்தாள், குரல் வரவில்லை. சத்தியமா இல்லடி என்று சொன்ன அதே வாய், இப்போது திறக்க மறுத்தது. படியில் கால் தடுக்கி, கைப்பிடியைப் பிடித்து, சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

ஃபெர்னான் அங்கே நின்றுகொண்டிருந்தார். எதிர்க் கதவில், நிலையைப் பிடித்தபடி.

"ரெனே, கழட்டாதே."

குழாயில் மாட்டிய குறடு அப்படியே நின்றது.

"நான் ஊத்தியிருக்கேன்" என்றார் ஃபெர்னான். "அந்த மருந்தை. முழு பாட்டிலும். வெளியே வா. தயவு செஞ்சு வெளியே வாம்மா."

ரெனே மெல்ல நழுவி வெளியே வந்தாள். உட்கார்ந்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை மணிக்கு ஊத்தினீங்க?"

"பத்தரை இருக்கும்."

"அதுக்கப்புறம் வேற எதுவும்?"

"இல்ல. உங்கம்மாகிட்ட... சொல்லல. நானே பாத்துக்கறேன்னு வீறாப்பா சொல்லிட்டேன். நீ வர்றேன்னதும் சொல்லியிருக்கணும். நாக்கு எழல." அவர் நிலையை விட்டு ஓர் அடி உள்ளே வந்தார். "உன் கண்ணு போயிருக்கும்."

"ஆமா, போயிருக்கும்" என்றாள் ரெனே. திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆர்மாந் பின்வாசல் வழியாக நுழைந்தாள். கையில் பிளீச் பாட்டில். "இதை ஒரு அரை பாட்டில் விட்டா..."

"அத்தை, அதை எடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போங்க!" ரெனே எழுந்தே விட்டாள். "வினிகர் போயிருக்கு, மருந்து போயிருக்கு. மூணாவதா இதையும் ஊத்தினா எல்லாரும் மூச்சு முட்டிச் சாகணும். ஒண்ணு கேக்கலன்னு மேல மேல ஊத்தறதை முதல்ல எல்லாரும் நிறுத்துங்க."

"வந்ததும் வராததுமா அத்தையை விரட்டறா பாரு" என்று ஆர்மாந் முணுமுணுத்தாள். ஆனாலும் போனாள். போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

ஜன்னல்களையெல்லாம் ரெனே திறந்தாள். நவம்பர்க் குளிர் உள்ளே புகுந்தது. வேனிலிருந்து முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடியும் முழங்கை வரைக்கும் வரும் உறைகளும் கொண்டு வந்தாள். இரண்டு ஜோடி. ஒன்றைப் பேசாமல் அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கித் தலைகீழாக மாட்டப் போனார். அவளே பிடுங்கிச் சரியாக மாட்டி, பின்னால் பட்டையை இழுத்து விட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பனித்தொப்பியை அவர் அவளுக்கு மாட்டிவிட்டதைப் போல. ஃபெர்னான் தலையைக் குனிந்துகொடுத்தபடி அசையாமல் நின்றார். க்ளாடெட் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருவரையும் பார்த்தாள். இது முடியக் கூடாது, அடைப்பு எடுபடவே கூடாது என்று அவளுக்குள் ஒரு பாழும் ஆசை எழுந்தது.

"டார்ச்சை இங்கே பிடிங்க. கிட்ட வராதீங்க."

"சரி."

சிங்க்கில் நின்ற தண்ணீரை, கொட்டகையிலிருந்து க்ளாடெட் கொண்டு வந்து வைத்த வாளியில் குவளையால் மெதுவாக மொண்டு ஊற்றினாள். ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. பிறகு அடியில் இன்னொரு வாளியை வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து குழாயைத் தளர்த்தினாள். மருந்துத் தண்ணீர் வாளியில் கொட்டியது. வாளியின் விளிம்பில் பட்டு நுரைத்ததைப் பார்த்து ஃபெர்னானின் டார்ச் ஆடியது.

"ஆட்டாதீங்கப்பா."

அப்பா என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. ஃபெர்னான் மறுகையால் டார்ச் பிடித்த மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

குழாய்க்குள்ளிருந்து வெளுத்த கூழ் கட்டி கட்டியாக வந்தது. ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது வாளியும் பாதி நிறைந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சிங்க் வாய் திறந்து குடித்தது.

ரெனே முகக் கண்ணாடியைக் கழற்றினாள். வாளியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனை ராத்தல் உரிச்சே?"

"பத்து."

"அத்தனை தோலும் உள்ளே. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒரு வெங்காயச் சருகைப் போட்டேன்னு கையில கரண்டியால அடிச்சியே, நீயா போட்டே?"

ஃபெர்னானும் இப்போதுதான் மனைவியைப் பார்த்தார்.

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. க்ளாடெட் அதை விழுங்கினாள். "நான்தான். வேணும்னேதான் போட்டேன். உன்னை வரவைக்க எனக்கு வேற வழி தெரியல. உன் முகத்தைப் பாக்கணும்போல இருந்துதுடி. மூணு வருஷமா குரலை மட்டும் வச்சுக்கிட்டு நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்?"

"நீ போட்டதுக்கு அவர் ஊத்தினார். அவர் ஊத்தினது தெரியாம நீ சத்தியம் பண்ணினே. நான் கீழே படுத்தேன்." ரெனேயின் உதடு துடித்தது. "எல்லாத்துக்கும் பதிலா, ஒரு ஃபோன். நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சு, 'வா'ன்னு அவர் ஒரே ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்."

ஃபெர்னான் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

அவள் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டாள். "உருளைக்கிழங்கா? மருந்து எதுவும் ஊத்தலியே? சரி, வர்றேன்." கருவிகளைப் பைக்குள் போட்டாள். வாசலில் நீல உறைகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டாள். "ரெண்டு நாளைக்கு அந்தக் குழாய்ல பச்சைத் தண்ணி மட்டும் விடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

வான்கோழி வெந்து ஆறிப்போனது. இருவரும் தொடவில்லை. நான்கு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. க்ளாடெட் மேஜையில் இரண்டு தட்டுகளை வைத்துவிட்டு, மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அதை வைக்கவும் மனம் வரவில்லை, அலமாரியில் திருப்பி வைக்கவும் மனம் வரவில்லை.

ஃபெர்னான் சுவரில் இருந்த ஃபோனை எடுத்தார்.

"அவ நம்பர் என்ன?"

க்ளாடெட் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். மூன்று வருடமாகத் தன் கைக்குப் பழகிய எண்கள். அவருடைய தடித்த விரல் ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கி அழுத்தியது.

"நான்தான். அப்பா." தொண்டையைச் செருமினார். "இல்லை, அடைப்பெல்லாம் இல்ல. நல்லாப் போகுது. நீ பண்ணின வேலை நல்ல வேலை... சாப்பிட வா. உங்கம்மா சொல்லல. நான் கூப்பிடறேன். எத்தனை மணியானாலும் உக்காந்திருப்போம்."

அப்புறம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "ம்" என்றார். மறுபடி "ம்" என்றார். கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். க்ளாடெட்டுக்கு ஃபோனைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஃபோனை வைத்த பிறகும் அவர் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"வர்றாளா?"

"வர்றா. ஆறு மணிக்கு."

க்ளாடெட் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மறைக்காமல், வாய்விட்டு அழுதாள்.

"இன்னொரு தட்டு வைக்கணுமாம்" என்றார் ஃபெர்னான்.

"இதோ, கையில இருக்கே."

"அது அவளுக்கு. அதுக்கு மேல இன்னொண்ணு." அவர் நாற்காலிகளைப் பார்த்தார். "சின்னத் தட்டா இருந்தா நல்லதாம். நாற்காலியில ரெண்டு தலகாணி போடச் சொன்னா. இல்லைன்னா மேஜை எட்டாதாம்."

க்ளாடெட்டின் அழுகை பாதியில் நின்றது. நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமைகள் பேசியிருப்பாள். உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறாள். உன்கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"யாருடைய குழந்தை? எத்தனை வயசு?"

"கேக்க எனக்கு வாய் வரல."

க்ளாடெட் முன்னறைக்குப் போய் சோபாவிலிருந்து இரண்டு தலையணைகளை எடுத்து வந்தாள். ஜன்னல் பக்க நாற்காலியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். உயரம் போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.